அழுத்தத்தின் கதை – 11: ஒரே ஊரில் இரண்டு குமிழிகள்

1818ஆம் ஆண்டு, பாரிஸ். பூட்டுத் தொழிலாளியான ஓர் இளைஞரின் தோளில் பெரிதாக வளர்ந்திருந்த கட்டியை பொஷேன் என்ற அறுவை மருத்துவர் அகற்றிக்கொண்டிருந்தார். ஈதர் மயக்கம் புழக்கத்துக்கு வர இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. நோயாளி முழு நினைவோடுதான் கிடந்தார். காறையெலும்பின் ஒரு துண்டை எடுக்கும்போது அருகில் இருந்த சிரை திறந்துகொண்டது. காற்று உள்ளே உறிஞ்சப்படும் சத்தம் கேட்டது. தன் ரத்தம் இதயத்துக்குள் விழுகிறது, தான் செத்தேன் என்று அந்த இளைஞர் கத்தினார். அவர் பிழைக்கவில்லை. உடலியல் அறிஞர் மஜாந்தி 1821இல் இந்தச் சாவை எழுதிவைத்தார்.

கழுத்துச் சிரைகள் இதயத்துக்கு மேலே இருப்பவை. மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறையும். அந்தச் சிரைகளுக்குள்ளும் வெளிக்காற்றைவிட அழுத்தம் தாழ்ந்துவிடும். சரியாக அந்த நொடியில் சிரையில் ஓட்டை விழுந்தால் ரத்தம் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். போன காற்று வலப்பக்க இதயத்தில் ரத்தத்தோடு சேர்ந்து நுரைக்கும். தண்ணீரைத் தள்ளுவதுபோல நுரையைத் தள்ள முடியாது. இதயம் துடிக்கத் துடிக்க நுரை சுருங்கி விரியுமே தவிர, நகராது. அமுஸ்ஸா என்ற பிரெஞ்சு மருத்துவர் விலங்குகளை வைத்து இதை ஆராய்ந்து 1839இல் தனி நூலாகவே எழுதினார். 1885இல் அமெரிக்காவில் நிக்கலஸ் சென் மறுபடியும் விரிவாக ஆராய்ந்தார். கழுத்திலும் அக்குளிலும் கத்தி வைக்கும்போது கவனம் தேவை என்பதை 19ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். காற்று போய்விட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அது தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். சென்ற வாரம் நாம் பார்த்த ஹட்சன் நதிச் சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்றில் வேலை செய்து வெளியே வந்தவர்களின் உடலில் நைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, 45, 50 பேர் வேலை செய்த இடத்தில் மாதம் ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். 1889 வாக்கில் பொறுப்பேற்ற பொறியாளர் எர்னஸ்ட் மோயர் ஓர் இரும்பு உருளையை வைத்து, விழுந்தவர்களை அதற்குள் படுக்கவைத்து மறுபடி அழுத்தக் காற்றைச் செலுத்தினார். பிறகு மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்தார். அடுத்த 15 மாதங்களில் 120 பேரில் இருவர்தான் இறந்தார்கள்.

ஆக, 1890லேயே குமிழிக்கு வைத்தியம் இருந்தது. ஆனால் அது மருத்துவமனைக் கட்டிலில் குமிழியால் கைகால் விழுந்து கிடந்தவரிடம் வந்து சேர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த 70 ஆண்டுகள்தான் இந்த வாரக் கதை. இந்தத் தொடரில் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற பகுதியும் இதுவே.

இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி காசநோய்க்கு ஒரு வழி சொன்னார். புண்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் ஆறும். ஓய்வு கொடுக்க, விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் வாயுவை ஏற்றி, நுரையீரலைச் சுருங்க வைக்க வேண்டும். 1882இல் எழுந்த யோசனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஏற்றிய வாயுவை உடல் மெதுவாக உறிஞ்சிவிடும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் ஊசி போட வேண்டும். இப்படியே ஆண்டுக்கணக்கில் நடக்கும். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் இது எத்தனையோ பேருக்கு நம்பிக்கையாக இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சில சமயம், ஊசி குத்திய மறுகணம் நோயாளி மயங்கி விழுவார். வலிப்பு வரும். பார்வை போகும். ஒரு பக்கம் கைகால் விழும். தோலில் சலவைக்கல்போல வெளிறிய திட்டுகள் தோன்றும். சிலர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள், சிலர் அங்கேயே இறந்துபோவார்கள். இதற்கு மருத்துவர்கள் கொடுத்த விளக்கம் 'நுரையீரல் உறை அதிர்ச்சி'. ஊசி உறையைத் தொட்டதும் ஒரு நரம்பு அனிச்சை கிளம்பி மூளையையும் இதயத்தையும் தாக்குகிறது என்றார்கள். ஃபோர்லானினியும் இதையே நம்பினார். இந்த விளக்கம் அன்று எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு, 1924இல் வந்த தாமஸ் மன்னின் 'மாய மலை' நாவலே சான்று. அதில் வரும் நோயாளி ஒருவர், தனக்கு நேர்ந்த உறை அதிர்ச்சியைச் சொல்லிச் சொல்லி மாளமாட்டார்.

இந்த விளக்கத்தில் மருத்துவருக்கு ஒரு வசதி இருந்தது. நரம்பு அனிச்சை நோயாளியின் உடல்வாகைச் சேர்ந்தது. ஊசி பிடித்த கைக்கு அதில் பொறுப்பு கிடையாது.

லுடால்ஃப் பிரவர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை ஏற்கவில்லை. ஃபோர்லானினியின் சிகிச்சையை ஜெர்மனியில் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே அவர் தன் சொந்தக் கருவியின் மேலேயே சந்தேகத்தைத் திருப்பினார் என்று சொல்ல வேண்டும். ஊசியின் முனை நுரையீரலைக் கீறி, அங்குள்ள ஒரு சிரையைத் திறந்துவிடுகிறது. நுரையீரல் சிரை நேராக இடப்பக்க இதயத்துக்குப் போவது. அங்கிருந்து ரத்தம் தமனி வழியாக மூளைக்கு ஏறும். பாரிஸ் இளைஞருக்கு நேர்ந்தது வலப்பக்கக் காற்றடைப்பு; அதற்கு நிறையக் காற்று வேண்டும். இடப்பக்கத்தில் நுழைந்தால் ஒன்றிரண்டு மில்லி காற்று போதும், மூளையின் ஒரு பகுதி ரத்தமின்றித் தவிக்கும். பிரவர் இதை 1912 வாக்கில் எழுதினார். அவருடைய கருத்தைப் பின்பற்றியவர்கள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, விழித்திரையின் தமனிகளில் குமிழிகள் ஓடுவதைக் கண்டார்கள். 1922இல் ஷ்லேப்ஃபர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இதையெல்லாம் திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இருந்தும் உறை அதிர்ச்சி பாடநூல்களிலிருந்து எளிதில் வெளியேறவில்லை. ஊசி குத்தும்போது நரம்பு அனிச்சையால் மயங்குகிறவர்களும் உண்டு என்பதால் ஃபோர்லானினி முழுவதும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் வலிப்பும் பக்கவாதமும் அனிச்சையால் வருபவை அல்ல.

இப்போது பிரவர் எந்த ஊரில் இருந்தார் என்று பாருங்கள். 1910இல் அவர் ஹாம்பர்க் நகரின் எப்பெண்டார்ஃப் மருத்துவமனைக்குத் தலைவராக வந்துவிட்டார். அதே ஹாம்பர்க்கில், 1907 முதல் 1911 வரை எல்பே நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நதி நீர் உள்ளே வராமல் இருக்க அழுத்தக் காற்றில் வேலை. 4000க்கும் மேற்பட்ட தொழிலாளிகள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு அழுத்த நோய் வந்தது. ஆர்தர் போர்ன்ஸ்டைன் என்ற மருத்துவர் அவர்களைக் கவனித்தார்; விழுந்தவர்களை மறுபடி அழுத்தத்துக்குள் கொண்டுபோவதும், ஆக்சிஜன் கொடுத்து நைட்ரஜனை வெளியேற்றுவதும் அவருக்கு அன்றாட விஷயங்கள். அதே நோயால் மூட்டெலும்புகள் செத்துப்போவதை 1911இல் கண்டு சொன்னதும் அவரும் அவருடைய கூட்டாளியும்தான்.

ஒரு கரையில், மூளையில் குமிழி இருக்கிறது என்று நிரூபிக்கப் போராடிய மருத்துவர். மறு கரையில், குமிழியைச் சுருக்கத் தெரிந்த மருத்துவர். டிராம் வண்டியில் போய்வரக்கூடிய தூரம். ஆனாலும் ஊசி குத்தி வலிப்பு வந்த நோயாளியைத் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, இதயத்தைத் தூண்டும் மருந்தைப் போட்டுக் காத்திருந்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் நோய் வேறு, சானடோரிய நோயாளியின் நோய் வேறு என்ற பிரிவினை மருத்துவர்களின் தலைக்குள் அவ்வளவு உறுதியாக இருந்தது. இரண்டிலும் குமிழி வரும் வழிதான் வேறு. சுரங்கத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிறது, ஊசியில் வெளிக்காற்று நேரே நுழைகிறது. வந்தபின் இரண்டும் செய்கிற கேடு ஒன்றுதான்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க வைத்தது கடற்படை. 1927 டிசம்பரில் அமெரிக்காவின் எஸ்-4 நீர்மூழ்கி, மாசசூசெட்ஸ் கடலோரத்தில் மோதி மூழ்கி 40 பேர் இறந்தார்கள். மூழ்கிய கப்பலிலிருந்து வெளியேறி மேலே வர மாலுமிகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று, 1930இல் கனெக்டிகட்டின் நியூ லண்டனில் 100 அடி ஆழத் தண்ணீர் கொண்ட கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். சார்லஸ் மாம்சன் வடிவமைத்த சுவாசப் பையை மாட்டிக்கொண்டு அடியிலிருந்து ஏற வேண்டும். பயந்துபோன ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால், நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வர வர விரிந்து, திசுக்களைக் கிழித்து, சிரைகளுக்குள் நுழைந்து மூளைக்குப் போய்விடும். தண்ணீருக்கு மேலே தலை தெரிந்த சில நொடிகளில் நினைவு தப்பும். ஊசி பட்ட காசநோயாளிக்கு வந்த அதே காற்றடைப்பு, அதே இடப்பக்க இதயத்தின் வழி. வேறுபாடு ஒன்றே ஒன்று: இங்கே கோபுரத்திலேயே அழுத்த அறை இருந்தது. தூக்கிப்போய் உள்ளே வைத்து அழுத்தத்தை ஏற்றினால், செத்தவர்போலக் கிடந்தவர் கண் விழிப்பார். போலக், ஆடம்ஸ் என்ற இரு கடற்படை மருத்துவர்கள் 1932இல் இதை எழுதினார்கள். 1937இல் ஆல்பர்ட் பென்கியும் ஷாவும், அழுத்தத்தோடு ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று காட்டினார்கள்.

ஆனால் இவையெல்லாம் வந்தது கடற்படையின் மருத்துவ இதழ்களில். இதய மருத்துவரும் நெஞ்சக மருத்துவரும் அவற்றைப் புரட்டுவது அரிது. 1947இல் டுராண்ட் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் சிரைக் காற்றடைப்புக்கு ஒரு நல்ல வழி சொன்னார்கள்: நோயாளியை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால், இதயத்தின் வாயிலை அடைத்திருக்கும் நுரை விலகி ரத்தம் ஓடும். இன்றும் மயக்க மருந்து பயில்பவர்கள் இதைப் படிக்கிறார்கள். காற்று மூளைக்குப் போய்விட்டால் மட்டும் இது உதவாது.

மருத்துவ உலகம் அழுத்த அறையை நம்பாததற்கு நியாயமான காரணமும் ஒன்று இருந்தது. கன்சாஸ் சிட்டியின் ஓர்வல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர், சர்க்கரை நோய், சிஃபிலிஸ், புற்றுநோய் என்று எல்லாவற்றையும் அழுத்தக் காற்றால் குணப்படுத்துவதாகச் சொல்லிவந்தார். அவரை நம்பிய செல்வந்தர் ஹென்றி டிம்கன் பத்து லட்சம் டாலர் செலவில் 1928இல் கிளீவ்லாந்தில் 64 அடி விட்டமுள்ள எஃகுக் கோளம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். உள்ளே மாடி மாடியாக அறைகள், ஓட்டல்போல வசதிகள். அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, கன்னிங்ஹாம் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது இரும்புக்காக உடைக்கப்பட்டது. அதன்பின் அழுத்த அறை என்றாலே மோசடி என்ற நினைப்பு அமெரிக்க மருத்துவர்களிடம் ஒட்டிக்கொண்டது. எதற்கும் ஆகும் என்று ஒருவர் சொன்னதால், உண்மையிலேயே ஆகக்கூடிய நோயாளிக்கும் அது கிடைக்காமல் போனது.

நிலைமை ஆம்ஸ்டர்டாமில்தான் மாறியது. இதய அறுவை மருத்துவர் ஈட்டே பூரெமா, அழுத்த அறைக்குள்ளேயே அறுவை செய்தால் இதயத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்கலாம் என்று 1950களின் பிற்பாதியில் முயன்றார். 1960இல் அவர் வெளியிட்ட பன்றிகளின் சோதனை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ரத்தச் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டும், 3 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசித்த பன்றிகள் உயிரோடு இருந்தன. சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தநீரில் சுமார் 0.3 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அந்த அழுத்தத்தில் அது 6 மில்லியாகிறது. உயிரைத் தாங்க அது போதும். அந்த நகரிலிருந்தே 1963இல் மெய்னே முதலியவர்கள் மூளைக் காற்றடைப்புக்கு அழுத்த அறைச் சிகிச்சை பற்றி எழுதினார்கள். அழுத்த அறை கப்பல்துறையைவிட்டு மருத்துவமனைக்குள் வந்துவிட்டது.

அமெரிக்கக் கடற்படையும் சும்மா இருக்கவில்லை. 1965இல் குட்மனும் வொர்க்மனும் புதிய சிகிச்சை அட்டவணைகளைத் தந்தார்கள். 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தம், அதாவது 2.8 வளிமண்டலம். 20 நிமிடம் தூய ஆக்சிஜன், 5 நிமிடம் வெறும் காற்று என்று மாறி மாறி. இடையில் காற்று கொடுப்பது, அதிக அழுத்த ஆக்சிஜனால் வரும் வலிப்பைத் தவிர்க்க. அந்த ஆபத்தை 1878லேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் போல் பேர் கண்டு சொன்னதை முந்தைய இதழ்களில் பார்த்தோம். முழுச் சிகிச்சை 285 நிமிடம். 'ஆறாம் அட்டவணை' என்று இன்றும் உலகெங்கும் இதையே பின்பற்றுகிறார்கள். காற்றடைப்புக்கென்றே, முதல் 30 நிமிடம் 165 அடிக்கு, அதாவது 6 வளிமண்டலத்துக்கு, அழுத்தும் இன்னொரு முறையும் உண்டு.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2.8 வளிமண்டலத்தில் குமிழியின் கன அளவு 36 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் அதன் விட்டம் 71 சதவீதமாகத்தான் குறையும். 6 வளிமண்டலத்தில்கூட விட்டம் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். வெறும் அமுக்கத்தால் குமிழி மறைந்துவிடுவதில்லை. அதை உண்மையில் கரைப்பது ஆக்சிஜன். குமிழியில் பெரும்பங்கு நைட்ரஜன். நோயாளி தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது ரத்தத்தில் நைட்ரஜன் அருகிவிட, குமிழிக்குள் இருக்கும் நைட்ரஜன் வெளியே கசிந்துவிடுகிறது. கூடவே, அடைபட்ட இடத்துக்கு அப்பால் தவிக்கும் மூளைத் திசுவுக்கு ரத்தநீரில் கரைந்த ஆக்சிஜன் ஊறிச் செல்கிறது. குமிழி உரசிப்போன தமனியின் உட்சுவர் புண்பட்டு வெள்ளையணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு இன்னொரு சுற்றுச் சேதத்தைத் தொடங்கும். அதையும் இது தணிக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. குமிழி போன பிறகும், நேரம் கடந்து வந்த நோயாளிகளுக்கும் ஏன் இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

இந்த நேரத்தில் மருத்துவம் காற்றுக்குப் புதுப்புது வாசல்களைத் திறந்துகொண்டே இருந்தது. 1953இல் கிப்பனின் இதய-நுரையீரல் இயந்திரம் வந்தது; திறந்த இதயத்துக்குள் தங்கிய காற்று, அதை மூடி ஓடவிட்டதும் நேரே மூளைக்குப் போனது. அப்படிப்பட்ட நோயாளிகளை அழுத்த அறையில் வைத்துக் காப்பாற்றியதை அமெரிக்காவின் வின்டர், ஆல்விஸ், கேஜ் மூவரும் 1971இல் எழுதினார்கள். 1975இல் காற்றடைப்பு வந்த டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிய குறிப்பு வந்தது. கழுத்துச் சிரையில் போடும் பெரிய குழாய், உட்கார வைத்துச் செய்யும் மூளை அறுவை, நுரையீரல் சதைத்துண்டு எடுக்கும் ஊசி, எண்டோஸ்கோப்பி என்று பட்டியல் நீண்டது. கழுத்துக் குழாயின் மூடி கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 14ஆம் எண் ஊசியின் வழியே, 5 சென்டிமீட்டர் நீரளவு அழுத்த வேறுபாடு மட்டும் இருந்தால்கூட, நொடிக்கு ஏறக்குறைய 100 மில்லி காற்று உள்ளே போய்விடும். 200, 300 மில்லி உயிரைப் பறிக்கும்.

வார்டில் டிரிப் குழாயில் கடுகளவு குமிழியைக் கண்டு பதறி நர்ஸைக் கூப்பிடும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. கைச் சிரையில் போகும் அந்தக் குமிழியைப் பொதுவாக நுரையீரல் வடிகட்டிவிடும். ஆனால் நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் வலது, இடது மேலறைகளுக்கு நடுவே, கருவில் இருந்த சிறு திறப்பு முழுவதும் மூடாமல் இருக்கும். வலப்பக்கம் வந்த காற்று அதன் வழியே இடப்பக்கம் தாண்டிவிடலாம். செவிலியர்கள் குழாயில் காற்றை வெளியேற்றிய பிறகே இணைப்பதும், கழுத்துக் குழாயை எடுக்கும்போது படுக்கவைத்து மூச்சைப் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். அந்தக் கவனத்துக்குப் பின்னால் பாரிஸ் இளைஞர் முதலாக எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன.

பலன் எப்படி? 1985இல் மர்ஃபி முதலியவர்கள், மருத்துவச் செயல்முறைகளால் காற்றடைப்பு வந்து அழுத்த அறைக்குப் போன 16 பேரைப் பற்றி எழுதினார்கள். 8 பேர் முழுவதும் தேறினார்கள். 2002இல் மார்செய் நகர மருத்துவர்கள் 86 பேரை ஆராய்ந்தார்கள். 6 மணி நேரத்துக்குள் அறைக்குள் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சீட்டுக் குலுக்கி, ஒரு பாதி நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்து மறு பாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட சோதனை எதுவும் இதில் நடக்கவில்லை. நடத்த எந்த மருத்துவருக்கும் மனம் வராது என்றே நினைக்கிறேன். ஆதாரம் மெல்லியது என்று சொல்பவர்களை இதற்காகக் குறைகூற முடியாது. ஆனால் குமிழியும் அழுத்தமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் மர்மம் ஏதும் இல்லை.

6 மணி நேரம் என்பது நோயைக் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. அறுவை முடிந்து கண் விழிக்காதவருக்கு மயக்க மருந்து தெளியவில்லையா, பக்கவாதமா, காற்றா? ஸ்கேனில் காற்று தெரியலாம்; அது அதற்குள் நகர்ந்தோ கரைந்தோ போயிருந்தால் தெரியாது. காற்றாக இருக்கலாம் என்று யாராவது ஒருவர் முதலில் நினைக்க வேண்டும். அப்படி நினைத்தவர் நோயாளியைத் தட்டையாகப் படுக்கவைத்து, முழு ஆக்சிஜன் கொடுத்து, அறை உள்ள இடத்தைத் தேடித் தொலைபேசியை எடுக்க வேண்டும். விமானத்தில் அனுப்பினால் தாழ்வாகப் பறக்க வேண்டும் அல்லது உள்ளே தரைமட்ட அழுத்தம் இருக்க வேண்டும். உயரே போனால் குமிழி பெருக்கும். அறைகள் இன்று நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்காகப் பகலில் மட்டும் திறந்திருப்பவை. செயற்கைச் சுவாசக் கருவியோடு வரும் நோயாளியை நள்ளிரவில் ஏற்கும் ஆளும் கருவியும் அங்கே இல்லை. ஹாம்பர்க்கில் 1911இல் இருந்த இடைவெளி இன்னும் முழுவதும் மூடவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் பன்றிகளையும், அந்த அறைக்குள் நின்று அறுவை செய்த பூரெமாவின் குழுவையும் இந்த வாரம் வேகமாகக் கடந்துவிட்டோம். அடுத்த இதழில் அங்கேதான் போகிறோம்.

(தொடரும்)